அமலோற்பவம் பார்த்த இடம்

உப்பளத்தில் கண் போனவர்கள் தூத்துக்குடிப் பக்கம் நிறையப் பேர். அமலோற்பவத்துக்குப் போனது இருபத்தொன்பதாவது வயதில். வெயிலும் உப்பின் வெள்ளையும் சேர்ந்து உறுத்திய கண்களில் புண் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் புண்ணுக்கான சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரமும் மருந்து வரவில்லை. மூன்றாவது வாரம் மருந்து வந்தபோது, காப்பாற்றுவதற்குக் கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆறு வருடம் இருட்டில் கிடந்தாள். கணவன் கப்பல் வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்டான். கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் மூன்றே வயது மகள் பெனிட்டா. அந்த ஆறு வருடமும் அமலோற்பவத்தைக் கைபிடித்து நடத்தியவள் உப்பளத்தில் உடன் வேலை பார்த்த மாரிக்கனி. கஞ்சி ஊற்றினாள், ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனாள், விடிகாலையில் ஓடைக்கரைக்கு அழைத்துப்போய்க் காவல் நின்றாள்.

அப்போதுதான் ஆழிமுத்துக் குழுமம் ஒளிக்கண்ணோடு வந்தது. கடல் நீரைக் குடிநீராக்கி நாலு மாவட்டங்களுக்கு விற்கிற பெரிய கம்பெனி அது. அதன் அறக்கட்டளை, கண் இழந்த உப்பளத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பார்வை தரப்போகிறது என்று தண்டோரா போடாத குறையாகச் சொன்னார்கள். ஒளிக்கண் பார்க்க மூக்குக்கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். அதன் முன்பக்கம் உலகத்தைப் படம் பிடிக்கும். படம் ஆகாய வழியே எங்கேயோ இருக்கும் ஒரு பெரிய கணினிக்குப் போய், மூளைக்குப் புரிகிற துடிப்பாக மாறி, காதுக்குப் பின்னால் தைத்த சிறு தகட்டுக்குத் திரும்பி வரும். இமை தட்டும் நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடும்.

அமலோற்பவம்தான் முதல் ஆள். அவளுக்குப் பார்வை மட்டும் கொடுக்கவில்லை, அறக்கட்டளையிலேயே வேலையும் கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போய், பயந்து ஒதுங்கியவர்களிடம் பேசி, ஆறு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். "நான் வச்சிருக்கேன்லா? என்னையப் பாருங்க" என்று அவள் சொன்னால் போதும், பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

அந்த வருடம் தொழில் கூட்டமைப்பு ஒன்று ஆழிமுத்துக் குழுமத்துக்குப் 'பொறுப்பான வரி செலுத்துநர்' விருது கொடுத்தது. விழா முள்ளக்காட்டிலுள்ள ஆலை வளாகத்திலேயே. பந்தல் போட்டு, மூன்று மந்திரிகள் வந்து, அமலோற்பவம் எட்டு நிமிடம் பேசுவதாக ஏற்பாடு. காலையிலிருந்தே பந்தலில் அழுகிய முட்டை நாற்றம். கடல் நீரோடு வந்த பாசியும் மீன் குஞ்சும் மக்கிக் கிடக்கும் சகதித் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டுவிட்டது என்றார்கள்.

தன் முறை வருவதற்கு முன் தண்ணீர் குடிக்கலாம் என்று அமலோற்பவம் பந்தலுக்குப் பின்னால் போனாள். இருபதடி தூரத்தில் தொட்டி. தொட்டி வாயில் மாரிக்கனியின் புருஷன் உச்சிமாகாளி பனியனோடு நின்றுகொண்டிருந்தான். எதிரில் மேற்பார்வையாளர் ஞானதிரவியம். அவர் இடுப்பில் சாவிக்கொத்து. பக்கத்துச் சுவரில் மூச்சுக்கவசம் வைக்கும் மஞ்சள் பெட்டி பூட்டியிருந்தது. இருவர் பேச்சும் அவள் காதில் விழுந்தது. ஞானதிரவியம் தொட்டியைக் காட்டிக் கை நீட்டினார். உச்சிமாகாளி பெட்டியைக் காட்டினான். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தொட்டியையே காட்டினார்.

உச்சிமாகாளி அவளைப் பார்த்துச் சிரித்தான். "மதினி, பேசி முடிச்சாச்சா?"

"இனிமத்தான்" என்றாள். அதற்குள் ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பியபோது அவன் ஏணியில் கால் வைத்துவிட்டான்.

மேடையில் அவள் நன்றாகப் பேசினாள். கம்பெனி தனக்குக் கண் கொடுத்த கதையைச் சொன்னபோது முதல் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் ஓயவே அரை நிமிடமானது. அந்த எட்டு நிமிடத்தில்தான் உச்சிமாகாளி தொட்டிக்குள் விஷவாயு தாக்கிச் செத்துப்போனான்.

யாரும் சொல்லாமல் அவனாகவே இறங்கிவிட்டான், குடித்திருந்தான் என்றது கம்பெனி.

"அவரு பாட்டிலத் தொட்டுப் பதினோரு வருசமாச்சுக்கா" என்றாள் மாரிக்கனி. அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. "செத்தவரு வந்து இல்லன்னு சொல்லவா போறாருன்னு நினைச்சிட்டாவ."

"நான் பாத்தேன் மாரிக்கனி" என்றாள் அமலோற்பவம். "நான் சொல்லுதேன்."

அவள் முதலில் போய்ச் சொன்னது நிரஞ்சனாவிடம். நிரஞ்சனா அறக்கட்டளையின் தலைவி. சென்னைக்காரி, ஆனால் மாதத்தில் பத்து நாள் இங்கேதான் இருப்பாள். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பெனிட்டாவின் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு அவளே வந்து நின்றாள். கம்பெனி என்றால் அமலோற்பவத்துக்கு நிரஞ்சனா, அவ்வளவுதான்.

நிரஞ்சனா முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு தரம் எழுந்து கதவைச் சாத்தினாள். கடைசியில் அமலோற்பவத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அமலி. பார்த்ததை அப்படியே சொல்லுங்க. நம்ம கம்பெனி உண்மைக்கு என்னைக்கும் குறுக்க நிக்காது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அமலோற்பவத்துக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

தொழிலாளர் துறை விசாரணை பழைய துறைமுக விடுதியின் கூடம் ஒன்றில் நடந்தது. அதிகாரி காஜா மைதீன் ஓய்வு பெறப் போகிற வயது, குறைவாகப் பேசுகிறவர். அமலோற்பவம் எழுந்து நின்று, கை நீட்டியதையும் பெட்டி பூட்டியிருந்ததையும் கடிகாரத்தைப் பார்த்ததையும், கண்ணால் கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். மாரிக்கனி முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

கம்பெனி வக்கீல் சென்னையிலிருந்து வந்தவர். பொய் சொல்கிறாள் என்று பாய்வார் என அமலோற்பவம் எதிர்பார்த்தாள். அவர் மிக மரியாதையாகத் தலை குனிந்தார்.

"இந்த அம்மா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லவே மாட்டேன் சார். இவங்க எங்க அறக்கட்டளையோட பெருமை. ஆனா இவங்க பார்த்ததா சொல்றது இந்தியாவுல நடக்கலையே."

"தொட்டி முள்ளக்காட்டுல இருக்குது" என்றார் காஜா மைதீன்.

"தொட்டி அங்கதான் சார் இருக்கு. பார்வை அங்க இல்ல." வக்கீல் ஒரு தாளை மேசையில் வைத்தார். "இவங்களோட பார்வை மர்வானா தீவுல இருக்கிற எங்க துணை நிறுவனத்தோட கணினியில தயாராகுது. வரித் தீர்ப்பாயமே நாலு வருஷம் முன்னாடி அப்படித்தான் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஒளிக்கண் வெச்சிருக்கிறவங்க பார்க்கிறது அந்தத் தீவுல உற்பத்தியாகிற ஒரு சேவை. அப்படின்னா இவங்க சொன்னது கண்ணால கண்ட சாட்சி இல்ல. வெளிநாட்டுக் கணினியில உருவான பதிவு. அது செல்லணும்னா அந்த நிறுவனம் சான்றிதழ் தரணும்."

"தருவாங்களா?"

"கேட்டோம் சார். வாடிக்கையாளர் ரகசியம்னு மறுத்துட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. பாருங்க. 'என் பார்வை நிகழும் இடம் மர்வானா தீவு என்று அறிந்து சம்மதிக்கிறேன்.'"

தாளின் அடியில், கோணல்மாணலாக, குருட்டுக் கை போட்ட கையெழுத்து. தன்னுடையதுதான் என்று அமலோற்பவத்துக்குத் தெரிந்தது.

காஜா மைதீன் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். "ஒரு வாரம் ஒத்தி வைக்கேன்" என்று எழுந்துபோனார்.

நிரஞ்சனா அலுவலகத்தில்தான் இருந்தாள். அமலோற்பவம் உட்காரவில்லை.

"மேடம், அந்தத் தாள நீங்கதான எனக்குப் படிச்சுக் காட்டினிய?"

நிரஞ்சனா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"மதுரை ஆஸ்பத்திரியில. ஆப்பரேசனுக்கு முந்துன நாளு. எனக்குக் கண்ணு தெரியாது. நாலு தாளுன்னு சொன்னிய. வலிக்கும்னு இருந்துச்சு, ஒரு வாரம் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு இருந்துச்சு. தீவுன்னு ஒரு வார்த்தை நீங்க படிக்கல மேடம். கண்ணு இல்லாதவ காதுல விழுந்தத மறக்க மாட்டா."

"உங்களைக் குழப்ப வேண்டாம்னு நினைச்சேன்."

"இப்ப கொழப்புங்க. எனக்குப் புரியணும்."

நிரஞ்சனா மூச்சை இழுத்து விட்டாள். "நீங்க ஒளிக்கண்ல பார்க்கிற ஒவ்வொரு மணி நேரமும் நாங்க செய்யற தர்மமாக் கணக்காகும். அதுக்கு இங்க வரியில கழிவு உண்டு. அந்தப் பார்வையைத் தயாரிக்கிறதுக்குன்னு நாங்க தீவு நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்போம். அந்த நிறுவனமும் எங்களோடதுதான். அந்தத் தீவுல வரி கிடையாது. லாபம் அங்க போய் உட்கார்ந்துடும். ஒளிக்கண் வர்றதுக்கு முன்னாடியும் வேற வேற பேர்ல இதேதான் நடந்துச்சு."

"அப்ப இங்க நீங்க வரியே கட்டுறது இல்லியா?"

"சட்டப்படி கட்ட வேண்டியது எல்லாத்தையும் கட்டுறோம்."

"எவ்வளவு?"

"கட்ட வேண்டியதா ஒண்ணும் வரலை."

அமலோற்பவம் சுவரைப் பார்த்தாள். விருது மாட்டியிருந்தது. அதற்கு அடியில் அவளுடைய சிரித்த முகம், ஆளுயரத்துக்கு.

"அமலி, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. நாங்க அந்த வரியை எல்லாம் கட்டியிருந்தா, உங்களுக்கு இந்தக் கண் கிடைச்சிருக்குமா?"

"கட்டியிருந்தா எனக்குக் கண்ணே போயிருக்காது மேடம்" என்றாள் அமலோற்பவம். "ஒரு சொட்டு மருந்து இல்லாமத்தான் போச்சு. சின்னக் குப்பி, என் பெருவிரல் அளவுதான் இருக்கும்."

நிரஞ்சனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆறு வருடமாக அந்த முகத்தில் எதைப் பார்த்தாலும் நம்பிவந்தவள் அமலோற்பவம். இன்றைக்கு நம்ப முடியவில்லை.

"நான் வந்து சொன்ன அன்னைக்கே நீங்க வக்கீலுக்குப் போன் போட்டிருப்பிய. கதவச் சாத்துனது அதுக்குத்தான, நான் சொல்லுதது வெளிய கேக்கக் கூடாதுன்னு? அப்புறம் என்னத்துக்கு என்னையக் கட்டிப் பிடிச்சிய?"

அமலோற்பவம் அறக்கட்டளையின் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அத்தனை பேரும் குருட்டுக் கையால் அதே தாளில் கையெழுத்துப் போட்டவர்கள். அத்தனை பேருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, "தைரியமாப் போடுங்க, இவிய நல்லவிய" என்று சொன்னவள் அவள்தான்.

ஏழாம் நாள் மாரிக்கனி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நீ வர வேண்டாம். உன் கண்ண நிப்பாட்டிருவாவ. எனக்குப் போனது போச்சு. பெனிட்டாவ நினைச்சுப் பாரு."

"ஏளா, பேசாம நட" என்றாள் அமலோற்பவம்.

விசாரணைக் கூடத்தில் அதே ஆட்கள். காஜா மைதீன் அவளைப் பார்த்து, "வேற சாட்சி உண்டாம்மா?" என்றார்.

"நான்தான்யா சாட்சி."

வக்கீல் எழுந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஒளிக்கண்ணைக் கழற்றி, மடித்து, மேசைமேல் வைத்தாள். கூடம் அணைந்துபோனது. ஆறு வருடத்துக்குப் பிறகு ஊரார் முன்னால் குருடியாக நின்றாள்.

"எம் பார்வை அந்தத் தீவுல இருக்குதுன்னா இருக்கட்டும். காது எங்க இருக்குன்னு வக்கீல் ஐயா சொல்லட்டும். இது எங்கம்மை பெத்த காது. இதுக்கு நான் எங்கயும் கையெழுத்துப் போடல."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார்.

"என்ன காதுல விழுந்துச்சு? சொல்லுங்க" என்றார் காஜா மைதீன்.

"தண்ணி குடிக்கப் போனப்ப மேற்பார்வை அண்ணாச்சி சொன்னாரு, 'மந்திரி ஆலையச் சுத்திப் பாக்க வாரதுக்குள்ள இறங்கி அடைப்ப எடுத்துரு'ன்னு. உச்சிமாகாளி, 'மூச்சு முட்டுது அண்ணாச்சி, முகமூடியத் தாங்க'ன்னான். 'அதப் போட்டுக் கழத்த அரை மணி நேரமாவும், அஞ்சு நிமிச வேலைக்கு உனக்கு முகமூடி கேக்குதோ'ன்னாரு. சாவி குலுங்குன சத்தம் கேட்டுச்சு. பெட்டியத் திறக்குத சத்தம் கேக்கல. எங்கிட்ட, 'மதினி, பேசி முடிச்சாச்சா'ன்னான். அதுக்கப்புறம் ஏணி கிரீச்சுன்னுச்சு."

மாரிக்கனியின் அழுகை கேட்டது.

வக்கீல், குரலை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா என்று ஆட்சேபித்தார். காஜா மைதீன் சோதித்துவிடலாம் என்றார். ஞானதிரவியத்தையும் சேர்த்து ஐந்து பேரை அவளுக்குப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்: இறங்கி அடைப்ப எடுத்துரு. முதல் ஆள் சொன்னான். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள் குரலை மாற்றிக் கரகரவென்று சொன்னான்.

"மூணாவது" என்றாள் அமலோற்பவம். "தொண்டையக் கட்டிக்கிட்டுப் பேசுதாரு. ஆனா 'எடுத்துரு'வ இழுக்குதத மாத்த முடியல பாருங்க."

பிறகு பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. சாவுக்கு மேற்பார்வையாளரும் நிர்வாகமும் பொறுப்பு என்று காஜா மைதீன் எழுதியிருந்தார். மாரிக்கனிக்கு நிவாரணமும் மாதாந்திர உதவித்தொகையும் தரச் சொல்லியிருந்தார். ஞானதிரவியத்தைக் கைது செய்தார்கள். அவருக்கு உத்தரவு போட்டவர்கள் பெயர் எதிலும் வரவில்லை. தீவைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. அது தன் அதிகாரத்துக்கு வெளியே என்று காஜா மைதீன் அவளிடம் வருத்தத்தோடு சொன்னார்.

ஒளிக்கண்ணை நிறுத்திவிடுவார்கள் என்று அமலோற்பவம் தினமும் காத்திருந்தாள். நிறுத்தவில்லை. நிரஞ்சனாவிடமிருந்து குறுஞ்செய்திதான் வந்தது: உங்கள் சேவை தடையின்றித் தொடரும், புதிய மேம்பாடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அவள் பார்க்கிற ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு ஆதாயம், எதற்காக நிறுத்துவார்கள்? அது புரிந்த பிறகு கண்ணாடியைப் போடவே கூசியது. ஆனாலும் போட்டாள். இருட்டுக்கு மறுபடி போக அவளுக்குத் தைரியம் இல்லை.

உச்சிமாகாளி இறந்த இடத்தில் ஒரு மாலை வைக்க வேண்டும் என்று மாரிக்கனி ஆசைப்பட்டாள். கம்பெனி அனுமதி கொடுத்தது. இருவரும் ஒரு மத்தியானம் போனார்கள். வாசல் காவலாளி மரியாதையாக உள்ளே விட்டான். பந்தல் போட்டிருந்த மைதானத்தைத் தாண்டி நடந்தார்கள்.

அமலோற்பவம் நின்றுவிட்டாள். எதிரே பச்சைப்பசேலென்று புல்வெளி. ஓரத்தில் மஞ்சள் பூச்செடிகள் வரிசையாக அசைந்தன.

"பாத்தியா, அதுக்குள்ள தொட்டிய இடிச்சு எடுத்துட்டாவ" என்றாள். "தடயமே இல்லாமப் பண்ணிட்டாவ."

"எந்தத் தொட்டிய?" என்றாள் மாரிக்கனி.

"இங்கன இருந்ததத்தான்."

"அக்கா, உனக்கு முன்னாலதான நிக்குது. மாலைய எங்க வைக்கன்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அமலோற்பவம் பூச்செடிகளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெயிலில் கொதித்த இரும்பு பட்டது. துரு சொரசொரத்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஏணியின் கம்பி. கண்ணுக்குள் மஞ்சள் பூக்கள் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தன.

அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. மூக்கு மட்டும் உண்மை சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் ஒளிக்கண்ணைக் கழற்றினாள். இருட்டில் ஏணிக் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள். இது போன மாதம் சேர்த்த மேம்பாடாக இருக்கலாம். அல்லது முன்பே இருந்த வசதியாக இருக்கலாம். ஆறு வருடமாகத் தான் பார்த்தவற்றில் எது எங்கே இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

"மாரிக்கனி" என்றாள். குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "எம் மவ எப்படி இருப்பா?"

"என்னக்கா கேக்க?"

"பெனிட்டாவ. நீ பாத்தபடி சொல்லு."

மாரிக்கனி அருகே வந்து அவள் தோளைத் தொட்டாள். "உன்ன மாதிரி நல்ல கறுப்பு. ஏறு நெத்தி. சிரிச்சா ஒரு பக்கம் குழி விழும். பல்லு வரிசையா இருக்கும்."

ஒவ்வொன்றுக்கும் அமலோற்பவம் தலையாட்டினாள். அவள் பார்த்த பெனிட்டாவும் இப்படித்தான்.

"அப்புறம் இடது புருவத்துல அந்தத் தழும்பு. ஆறு வயசுல ஆட்டுக்கல்லுல விழுந்தாள்லா, அது. நல்லா நீளமாத் தெரியுமே. கண்ணாடி முன்னால நின்னு முடிய இழுத்து இழுத்து மறைப்பா."

அமலோற்பவம் தலையாட்டுவதை நிறுத்தினாள். அந்த ரத்தத்தைக் கழுவியது அவள் கைதான். அப்போது கண் இல்லை. கண் வந்த பிறகு அந்தப் புருவத்தில் தேடிப் பார்த்து, தழும்பே இல்லாமல் ஆறிவிட்டது என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

வீட்டுக்கு அவளை மாரிக்கனிதான் கைபிடித்துக் கூட்டிவந்தாள். பெனிட்டா பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். அம்மா கண்ணாடி இல்லாமல் வருவதைப் பார்த்துப் பதறி ஓடிவந்தாள். "என்னம்மா, கண்ண நிப்பாட்டிட்டாவளா?"

"கிட்ட வா" என்றாள் அமலோற்பவம்.

மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, இடது புருவத்தின் மேல் பெருவிரலை வைத்து மெல்ல நகர்த்தினாள். புருவ முடிக்கு நடுவே, வழுவழுவென்று, ஒரு விரற்கடை நீளத்துக்கு, அது இருந்தது.